முழங்கால் உயரத்தில் ஒரு தட்டல்

வீடிழந்தவருக்கு ஒரு வீடு கட்டித் தருவதைவிடப் பெரிய ஊழியம் இந்தப் பூமியில் இல்லை.

இந்த வாக்கியத்தை எங்கள் பனியன்களின் முதுகில் அச்சடித்திருந்தார்கள். எழுத்து கொஞ்சம் கூடுதலாகவே பெரிதாகிவிட்டதால் கடைசிச் சொல் இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டது. பனியனைக் கால்சட்டைக்குள் செருகினால் 'இல்லை' உள்ளே போய்விடும். செருகாவிட்டால் பெரிய பிரதருக்குக் கோபம் வரும். ஆகவே ஒழுங்காகச் செருகிய பதினொரு பேர், முதுகில் முக்கால் வாக்கியத்தைச் சுமந்துகொண்டு, ஒரு திங்கட்கிழமை காலை அந்தத் தெருவில் வேனைவிட்டு இறங்கினோம்.

வெள்ளம் வடிந்து எட்டு மாதமாகியிருந்தது. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, சுவர்களில் என் தோள் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கறை நேராக ஓடியது. ஈரத்துணியை மடித்துவைத்து மறந்துபோன பெட்டியை வெகுநாள் கழித்துத் திறந்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடை தெருவெங்கும் இருந்தது. வெயில் நன்றாகத்தான் அடித்தது. ஆனாலும் இருந்தது.

நான் தச்சன். எங்கள் சபைக் குழுவில் கையில் தொழில் உள்ளவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன், எலக்ட்ரீஷியன் ஒருவன். அவனை எல்லோரும் ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவோம். மற்றவர்கள் பாடுவார்கள், ஜெபிப்பார்கள், ஆளுக்கொரு செங்கல்லைக் கையில் ஏந்திப் புகைப்படத்துக்கு நிற்பார்கள். படம் எடுத்து முடிந்ததும் செங்கல் பழைய இடத்துக்கே திரும்பும்.

குழுவின் தலைவர்தான் பெரிய பிரதர். ஆறடி உயரம், மைக் தேவைப்படாத குரல், ஆனாலும் மைக் இல்லாமல் பேசமாட்டார். ஜெபிக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். மற்றவர்கள் மூடியிருக்கிறார்களா என்று பார்க்க மட்டும் நடுவில் ஒருமுறை திறப்பார்.

தெருக்கோடியில் இருந்த ஒற்றை அறை வீட்டின் முன் அவர் நின்றார். ஒரே வாசல். கதவு இருந்த இடத்தில் தகரம் கட்டியிருந்தது.

"இதுதான் பிரதர்" என்று என் தோளில் கை போட்டார். "கர்த்தர் தட்டின வீடு. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அதற்காகத்தான் நான் வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தேன்.

வெள்ளத்தின் மூன்றாம் நாள், தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கியபோது, நிவாரண அலுவலகம் எங்களிடம் ஒரு வேலை கொடுத்தது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டும். ஆள் இல்லை என்று உறுதியானால் கதவில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு. மஞ்சள் கோடு போட்ட வீட்டுக்கு மீட்புப்படை போகாது. போக அவர்களுக்கு நேரம் கிடையாது.

எங்கள் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குள்ளும் நுழையும் முன், வாசலில் நின்று ஒரு பாட்டு, ஒரு ஜெபம். நல்ல வழக்கம்தான். ஆனால் அன்று எங்களுக்கு ஒதுக்கியது நாற்பது வீடு. ஒன்பதாவது வீட்டிலேயே மதியம் திரும்பிவிட்டது. பாட்டைக் குறைப்பதா, பார்ப்பதைக் குறைப்பதா என்று கேள்வி வந்தபோது, பாட்டைக் குறைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

கடைசி வீட்டின் நீலக் கதவு தண்ணீரில் ஊதி இறுகியிருந்தது. தள்ளினேன், அசையவில்லை. ஜன்னலும் உள்பக்கம் தாழிட்டிருந்தது. வேனில் கடப்பாரை இருந்தது. "விடுங்க பிரதர், இருட்டறதுக்குள்ள முடிக்கணும். வெளியில நின்னே ஜெபிச்சிடலாம்" என்றார் பெரிய பிரதர். டீச்சர் அக்கா பாட்டை எடுத்தார். எங்கள் பாட்டுத் தலைவி அவர்தான். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளை அடக்கிய குரல். இரண்டாம் சரணத்தில் கதவு தட்டப்பட்டது.

மெதுவாக ஒன்று, ஓங்கி ஒன்று. மூன்று தடவை.

"கேட்டீங்களா! கர்த்தர் தட்டுறாரு!" என்று பெரிய பிரதர் இரண்டு கைகளையும் தூக்கினார். எல்லோரும் அழுதார்கள். ஃபியூஸ் நடுவிலேயே ஆமென் சொல்லிவிட்டான். பாட்டு இன்னும் ஓங்கியது.

தச்சனுக்குப் பலகையின் எந்தப் பக்கம் அடி விழுகிறது என்று தெரியும். அந்த அடி உள்பக்கம் விழுந்தது. முழங்கால் உயரத்தில் விழுந்தது. கர்த்தர் ஏன் முழங்கால் உயரத்தில் தட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

மஞ்சள் பெயின்ட் டப்பா என் கையில் இருந்தது. கோட்டைப் போட்டது நான்.

அதற்குப் பிறகு எட்டு மாதமாகப் பெரிய பிரதர் எந்த மேடை ஏறினாலும் இந்தச் சாட்சியைத்தான் சொன்னார். மேசையில் அதே மாதிரி தட்டிக் காட்டுவார். ஊர் ஊராக அழைப்பு வந்தது. சபைக் காலண்டரில் கதவின் படம் போட்டார்கள், நான் போட்ட கோட்டோடு.

அந்த வீட்டு அம்மா வெள்ளத்தில் இறந்துபோனார் என்பது எங்களுக்குப் பின்னால் தெரியவந்தது. என்றைக்கு இறந்தார் என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் சாட்சி என்ன ஆவது?

வேலை தொடங்கிய முதல் நாள் பதினொரு மணிக்கு மகள் வந்தாள். வேறு ஊரில் மருந்துக்கடையில் வேலை. முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். எல்லோருக்கும் பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தாள்.

"நீங்க வந்து செய்யறது பெரிய விஷயம் சார்" என்றாள் பெரிய பிரதரிடம். "அம்மா அலமாரி மேல ஏறித் தப்பிச்சிருக்காங்க. தண்ணி வடிஞ்சு இறங்கும்போது விழுந்து இடுப்பு முறிஞ்சிருக்கு. அன்னைக்கே உயிர் போயிருக்கும்னு சொன்னாங்க. ரொம்பக் கஷ்டப்படலன்னு நினைச்சுத்தான் நான் தூங்கிட்டிருக்கேன்."

"சிஸ்டர், உங்க அம்மா வீட்டுக்குக் கிடைச்ச பாக்கியம் உங்களுக்குத் தெரியாது" என்று அவர் ஆரம்பித்தார். நான் வேறு பக்கம் திரும்பி ரம்பத்தை எடுத்தேன். அவர் விடவில்லை. நான் சாய்த்து வைத்திருந்த புதுக் கதவில் தட்டியே காட்டினார்.

மெதுவாக ஒன்று, ஓங்கி ஒன்று. மெதுவாக ஒன்று, ஓங்கி ஒன்று.

மகள் பிளாஸ்கைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தடவை தட்டுங்க."

கேட்டவர் மறுபடி கேட்பது அவருக்கு மேடையில் அடிக்கடி நடப்பதுதான். சந்தோஷமாகத் தட்டினார்.

"எங்கம்மா முப்பது வருஷம் தபாலாபீஸ்ல முத்திரை குத்தினாங்க" என்றாள். "மைப்பெட்டியில மெதுவா ஒண்ணு, கடிதத்துல ஓங்கி ஒண்ணு. வீட்ல சும்மா உக்காந்திருக்கும்போது மேசையில விரலால தட்டினாக்கூட அப்படித்தான் வரும். சார், இது எங்கம்மா தட்டு."

"துக்கத்துல மனசு அப்படியெல்லாம் சொல்லும் சிஸ்டர். ஜெபிச்சுக்கலாம்" என்று அவர் அவள் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார். அவள் மூடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, அன்னைக்கு நீங்களும் இருந்தீங்களா?"

"இருந்தேம்மா."

"உள்ள ஆள் இருந்துச்சா? அது மட்டும் சொல்லுங்க."

"பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா" என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டு, காலிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

அன்று மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்தது.

புதுக் கதவை மாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் காய்ந்த மரம், நானே பார்த்து எடுத்தது. காலையில் நிலையில் பொருத்திப் பார்த்தபோது ஒரு காகிதம் நுழையும் இடைவெளி இருந்தது. மூன்று மணிக்கு அந்தக் கதவு ஊதி நிலையோடு இறுகிக்கொண்டது. கழற்றி விளிம்பில் இழைப்புளியை ஓட்டினேன். சீவல் சுருண்டு விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன்.

ஈரம்.

பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் சொட்டியது.

செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தபோது கதவில் மஞ்சளாக ஒரு கோடு, பெயின்ட் இன்னும் காயாமல் இருந்தது. உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தேன். புதன்கிழமை மறுபடி இருந்தது, அதே இடத்தில், அதே நீளத்தில். எட்டு மாதம் முன்னால் என் கை நடுங்கியதால் அடியில் ஒரு வளைவு விழுந்திருந்தது. அந்த வளைவும் இருந்தது.

"யாரோ விளையாடறாங்கப்பா" என்றான் ஃபியூஸ், தாழ்ந்த குரலில்.

"நம்மகிட்ட மஞ்சள் பெயின்டே இல்லையே."

"அதான் நானும் யோசிச்சேன்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு மீதி வேலை முழுவதும் கூரைமேல்தான் பார்த்தான். கூரையில் மின்வேலை எதுவும் கிடையாது.

வியாழக்கிழமை நான் முழங்காலிட்டுக் கீழ்க்கீலில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. சேற்று வாடை திடீரென்று மூக்குக்கு மிக அருகில் வந்தது, யாரோ வாய் திறந்து மூச்சு விட்டதுபோல.

என் முகத்துக்கு நேரே, பலகையின் அந்தப் பக்கம், மெதுவாக ஒன்று.

ஓங்கி ஒன்று.

நான் திருப்புளியைப் போட்டுவிட்டு வேன்வரை ஓடினேன். "ஜெபிக்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடியதால் எல்லோரும் மெச்சினார்கள்.

அன்று சாயங்காலமே மகளிடம் சொல்லியிருக்கலாம். பெரிய பிரதரிடம்தான் போனேன். அவர் வீட்டை ஒப்படைக்கும் பிரதிஷ்டை நாளுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மூன்று மணி. அவர் தனியாக வீட்டுக்குள் போவார். ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொள்வார், கதவு திறக்கும்போது வெளிச்சம் முகத்தில் விழுந்தால்தான் படம் நன்றாக வரும். கதவை மகள் வெளியிலிருந்து பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வாள். வெளியே பாட்டு. இரண்டாம் சரணத்தில் அவர் உள்ளிருந்து மூன்று தட்டு தட்டுவார். மகள் திறப்பாள். கைத்தட்டல்.

"பிரதர், அன்னைக்குத் தட்டினது உள்ள இருந்து வந்துச்சு" என்றேன்.

"ஆமா. அதான் நானும் உள்ள இருந்து தட்டறேன்."

"அந்த அம்மா உயிரோட இருந்திருக்காங்க."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அதிசயமாக, குரலைத் தாழ்த்தினார். "அது எனக்குத் தெரியாதா?" என்றார். "எப்பவோ யோசிச்சுட்டேன். இப்ப சொன்னா யாருக்கு லாபம்? கோடு போட்டது யாரு? நீங்கதானே?"

நான் கதவை இன்னொருமுறை இழைக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை தெருவே திரண்டிருந்தது. கதவுக்குக் குறுக்கே சிவப்பு நாடா, பக்கத்தில் ஆள் உயர ஒலிபெருக்கி. கோடு அன்று காலை இல்லை. கதவு விரலால் தள்ளினாலே திறந்தது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

பெரிய பிரதர் கையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார். மகள் பூட்டினாள். டீச்சர் அக்கா பாட்டை எடுத்தார்.

இரண்டாம் சரணம். உள்ளிருந்து தட்டல் வந்தது. மூன்று தடவை, சரியாக, தலை உயரத்தில். கூட்டம் ஆரவாரித்தது. மகள் சாவியைப் போட்டுத் திருப்பினாள். சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை.

அவள் தள்ளினாள். நான் தள்ளினேன்.

கதவு ஊதியிருந்தது. ஜன்னல்களும்தான்.

மறுபடி தட்டல். இந்தத் தடவை தாளம் இல்லை. இரண்டு கையாலும் அடிக்கிற அடி.

"அபிஷேகம் இறங்குது!" என்று யாரோ கத்தினார்கள். டீச்சர் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒலியைக் கூட்டச் சொல்லி ஃபியூஸுக்குச் சைகை காட்டினார். அவன் கூட்டினான்.

தட்டல் இறங்கியது. மார்பு உயரம்.

இடுப்பு உயரம்.

கதவின் மேல்முனையில் மஞ்சளாக ஒரு பொட்டு தோன்றியது. அது நீண்டது. எந்தக் கையும் இல்லை, தூரிகையும் இல்லை. அவசரப்படாமல், கொஞ்சமும் நடுங்காமல், மேலிருந்து கீழே ஒரு கோடு தானாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அற்புதம்! அற்புதம்!" கூட்டம் முழங்காலிட்டது.

நான் சாவித்துவாரத்தில் காதை வைத்தேன். உள்ளே தண்ணீர் அலம்பும் ஓசை. அதற்கு நடுவே, மைக் இல்லாத, மிகச் சின்னதாகிவிட்ட ஒரு குரல்.

"பிரதர்... கோடு போடாதீங்க... ஆள் இருக்கேன்..."

கடப்பாரை வேனில் இருந்தது. வேன் இருபதடி தூரம். மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை சூடாகத்தான் இருந்தது. சாதாரண மனுஷியின் கை.

"அன்னைக்கு உள்ள ஆள் இருந்துச்சா?" என்றாள். "அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க அண்ணா."

ஒரு சொல்தான். சொன்னால் அந்தத் தெரு முழுக்க என் முகத்தைப் பார்க்கும். மூன்றாம் சரணம் தொடங்கியது. நான் வாயைத் திறந்தேன். பாடினேன். எனக்கே தெரியாமல் பாடினேன் என்று சொல்ல ஆசை. தெரிந்துதான் பாடினேன். நான்காம் சரணமும் பாடினேன்.

தட்டல் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. மெதுவாக ஒன்று, ஓங்கி ஒன்று. இப்போது தட்டுவது அவர் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"இருந்தாங்க" என்று கத்தினேன். "உயிரோட இருந்தாங்க! தட்டினாங்க! நான்தான் கோடு போட்டேன்!"

பாட்டு அந்த நொடியில் முடிந்திருந்ததால் தெருவில் எல்லோருக்கும் கேட்டது.

கதவு தானாகத் திறந்தது.

வெளிச்சம் அவர் முகத்தில்தான் விழுந்தது, அவர் திட்டமிட்டபடியே. கதவுக்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடந்தார். தரை காய்ந்திருந்தது. சட்டை காய்ந்திருந்தது. விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. வாய் நிறையச் சேறு.

டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார். சேற்றைப் பற்றி எழுத அந்தப் படிவத்தில் இடமில்லையாம்.

அடக்க ஆராதனையில் டீச்சர் அக்கா சாட்சி சொன்னார். "கடைசி மூச்சுவரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தாரு" என்று மேசையில் தட்டிக் காட்டினார். சபை அழுதது. நான் கத்தியதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆவி இறங்கினால் சிலர் ஏதேதோ உளறுவார்கள் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து மகளைப் பார்க்கப் போனேன். அந்த வீட்டில்தான் குடியிருக்கிறாள். உள்ளே கூப்பிடவில்லை.

"கதவு தொந்தரவு பண்ணுதாம்மா?"

"இல்லையே. பஞ்சு மாதிரி திறக்குது. அம்மாவுக்கு என்மேல என்ன கோபம்?"

"என்மேல?"

"அதை நீங்கதான் அவங்ககிட்ட கேக்கணும்" என்று கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை. மரியாதையாகத்தான் சாத்தினாள்.

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை. மறுநாள் மதியம் என் வீட்டுக் குளியலறையில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது கதவு இறுகியது. வாளித் தண்ணீர் பழுப்பாக மாறியது. வெளிப்பக்கம் தட்டல் கேட்டது. கீழே மெதுவாக ஒன்று, ஓங்கி ஒன்று. அதற்குமேல், தலை உயரத்தில், தாளமே இல்லாமல் இரண்டு பெரிய கைகள்.

இருவரும் சேர்ந்துதான் வருகிறார்கள்.

என் மனைவி வந்து தள்ளியபிறகுதான் கதவு திறந்தது. அன்றைக்கே அதைக் கழற்றி விறகாக உடைத்துவிட்டேன். அடுத்த நாள் மூன்று மணிக்கு வெறும் நிலைச்சட்டத்துக்கு நடுவே, ஒன்றுமில்லாத இடத்தில், பலகையில் தட்டுகிற ஓசை வந்தது. இன்றும் வருகிறது.

குளியலறை வாசலில் இப்போது ஒரு பழைய போர்வை தொங்குகிறது. காற்றடித்தால் தூக்கிக்கொள்ளும். நான் குளித்து முடிக்கும்வரை என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.